புன்னைமேட்டுச் சேர்க்கை

யானம்
9.3.2025

அன்புள்ள மொழிக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. ரயிலில் உட்கார்ந்து உட்கார்ந்து முட்டி மட்டும் வீங்கிக் கிடக்கிறது. நவநீதன் கால் எப்படி இருக்கிறது? கம்பி வைத்த இடத்தில் இன்னும் வலி இருக்கிறதா? உன் அத்தானும் நித்யஸ்ரீயும் ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று அவ்வப்போது எட்டிப் பார்த்துக்கொள்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று சிரிப்பாய். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் நான் பேசியதைத்தானே மேலிடத்தில் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுவிட்டு மெமோ கொடுத்தார்கள்? "நம்ம பள்ளிக்கூடத்த மூடப் பாக்குறாங்க, எல்லாரும் வந்து கையெழுத்துப் போடுங்க." இவ்வளவுதான் நான் சொன்னது. அரசு ஊழியர் இப்படிப் பேசக் கூடாதாம். காரைக்காலிலிருந்து பிடுங்கி, ஆந்திராவுக்கு நடுவில் புதுச்சேரிக்குச் சொந்தமாகக் கிடக்கும் இந்த ஊரில் நட்டுவிட்டார்கள். இனிமேல் போனில் சாப்பிட்டாயா, தூங்கினாயா மட்டும்தான். மற்றதெல்லாம் காகிதத்தில்.

இங்கே பிள்ளைகளுக்குத் தமிழ் தெரியாது, எனக்குத் தெலுங்கு தெரியாது. தலைமையாசிரியை தங்கமான மனுஷி. என்னைப் பார்த்தாலே நாற்காலியை இழுத்துப் போட்டு "கூர்ச்சோண்டி" என்கிறார். உட்காருங்கள் என்று அர்த்தமாம். நானும் உட்கார்ந்தே இருக்கிறேன். வகுப்பில் நின்று பழகியவளுக்கு இதுதான் பெரிய தண்டனை.

ஒரு உதவி செய். புன்னைமேட்டுப் பள்ளிக்கு ஒரு நடை போய்விட்டு வா. நுஸ்ரத் டீச்சர் ஒருத்தியே அத்தனை வகுப்பையும் வைத்துக்கொண்டு திணறுவாள். புது வருஷச் சேர்க்கை குறைந்தால், மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பள்ளியோடு நம் பள்ளியைச் சேர்த்துவிடுவார்கள். நாகப்பட்டினம் பஸ் பறக்கிற ரோடு அது. மீன்கூடை தூக்குகிற தாய்மார்கள் பிள்ளையைக் கையில் பிடித்துக் கடக்க வைக்க நேரமா இருக்கிறது அவர்களுக்கு? பாதிப் பிள்ளைகள் படிப்பை விட்டுவிடும். எனக்கு அந்தக் கவலைதான்.

உன் அக்கா,
மங்கையர்க்கரசி


கோவில்பத்து, காரைக்கால்
20.3.2025

பாசமுள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அவர் கம்பைப் பிடித்துக்கொண்டு வாசல் வரைக்கும் நடக்கிறார். வேலைக்குப் போக இன்னும் மாசக்கணக்காகும் என்கிறார் டாக்டர். முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா, இல்லை அதற்கும் உங்கள் ஆசிரியர் சங்கத்தில் தீர்மானம் போட வேண்டுமா?

எனக்கு வயிறு எரிகிறது அக்கா. உன் சங்கத்துக்காரர்கள் ஸ்டேஷனுக்கு வந்து துண்டு போட்டார்கள், "வாழ்க வாழ்க" என்றார்கள், ரயில் நகர்ந்ததும் டீ குடிக்கப் போய்விட்டார்கள். யானத்துக்குப் போனது யார்? நீ. அந்த காஜா மைதீன் சார் மட்டும் என்னிடம் வந்து, "தமிழ்மொழி, நீங்களும் பிரைவேட்ல டீச்சர்தானே? எது ஒண்ணுன்னாலும் நம்மகிட்ட வாங்க" என்றார். அக்காவை வழியனுப்பியது போதும் சார் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டேன்.

புன்னைமேட்டுக்குப் போனேன். நான் கேட்டுக்குள் நுழைந்ததும் ஒரு பொடிசு, "பெரிய டீச்சர் வந்துட்டாங்க!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்து, பக்கத்தில் வந்ததும் முகம் சுண்டி நின்றுவிட்டது. நம் இருவருக்கும் ஒரே மூஞ்சி என்று அம்மா சொன்னது நிஜம்தான் போல. நுஸ்ரத் டீச்சர் இரண்டு வகுப்பை மரத்தடியில் உட்கார வைத்துக் கணக்குக் கொடுத்துவிட்டு, உள்ளே மூன்று வகுப்புக்குப் பாடம் எடுக்கிறார்கள். "உங்க அக்கா இருந்தப்ப இந்தச் சத்தமே இருக்காதும்மா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அத்தான் உனக்கு மெமோ கொடுத்த அதிகாரியைப் போய்ப் பார்த்தாராம். "நடந்ததற்கு வருந்துகிறேன்" என்று ஒரே ஒரு வரி எழுதிக் கொடுத்தால் திரும்பக் கூப்பிட்டுக்கொள்வார்களாம். எழுதிக் கொடுத்தால்தான் என்ன? உன் மகள் நித்யஸ்ரீ எதற்கெடுத்தாலும் என் மேல் எரிந்து விழுகிறாள். உன் மேல் வர வேண்டிய கோபம் அது.

தங்கை,
மொழி


யானம்
2.4.2025

அன்புள்ள மொழி,

சௌக்கியம். ஒத்தடம் கொடுக்கிறேன், தீர்மானம் இல்லாமலே.

அந்த ஒரு வரியை எழுத மாட்டேன். வீம்பு என்று நினைக்காதே. நான் எழுதினால் அந்தக் காகிதத்தைக் காட்டிக் காட்டியே அடுத்தவளை மிரட்டுவார்கள். ஒரு பள்ளியை மூடப்போகிறார்கள் என்றால் அந்த ஊர்த் தாயிடம் முதலில் சொல்ல வேண்டியது அங்கே பாடம் எடுக்கிற டீச்சர். அதற்கு வருந்தினால், நான் இத்தனை நாள் பாடம் எடுத்ததற்கும் வருந்த வேண்டும். நித்யஸ்ரீக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். அவள் கோபம் நியாயம்தான்.

சங்கத்தைப் பற்றி நீ பேசியதைப் படித்துச் சிரித்தேன். அவர்கள் டீ குடிக்கத்தான் போனார்கள். ஆனால் என் மேல் வந்த மெமோவுக்கு ஐந்து நாள் உட்கார்ந்து பதில் எழுதியவரும் அந்த காஜா மைதீன் சார்தான், உனக்குத் தெரியாது.

உன் சமாச்சாரத்துக்கு வா. இவ்வளவு வருஷமாகியும் வேலை உத்தரவு என்று ஒரு காகிதம் கொடுத்தார்களா? உன் பி.எட். சான்றிதழ், டிகிரி எல்லாம் இன்னும் அவர்கள் பீரோவில்தானே? ஒரிஜினலை வாங்கி வைத்துக்கொள்ள எந்தப் பள்ளிக்கும் உரிமை கிடையாது. இந்த வருஷமும் மே மாதத்தில் சேர்க்கைக்குப் பிள்ளை பிடிக்க அனுப்புவார்களா? எந்தப் பக்கம்? வெயிலில் அலையாதே, குடை எடுத்துக்கொண்டு போ.

மங்கை


கோவில்பத்து
11.5.2025

அன்பு அக்கா,

பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. இங்கே எல்லோரும் நலம், வெயில்தான் ஆளைப் பொசுக்குகிறது. லீவிலும் உன்னை அந்த ஊரை விட்டு நகரக் கூடாது என்று சொல்லிவிட்டார்களாமே. விசாரணை நடக்கிறது என்றால் விசாரிக்க வேண்டியதுதானே? ஆளைக் கட்டிப் போட்டுவிட்டு ஃபேனுக்கடியில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

பிள்ளை சேர்க்கிற கேன்வாஸ் முடிந்தது. சொன்னால் நம்ப மாட்டாய், எங்கள் பள்ளியிலேயே அதிகப் பிள்ளைகளைச் சேர்த்தவள் நான்தான்! போன வருஷம் கதவைத் தட்டித் தட்டிக் கை வீங்கியதுதான் மிச்சம். இந்த வருஷம் போகிற வீட்டிலெல்லாம் பாய் போட்டு உட்கார வைத்து மோர் கொடுத்தார்கள். மீன்பிடித் தடைக்காலம் இல்லையா, ஆம்பளைகளும் வீட்டில் வலை சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். புருஷன் பெண்டாட்டி இருவரிடமும் ஒரே மூச்சில் பேசி முடிக்க முடிந்தது. தாளாளர் கூட்டத்தில் எழுந்து என் பேரைச் சொல்லிப் பாராட்டினார். இந்த வருஷம் ஆள் குறைப்பு உண்டு என்று பேச்சிருந்தது. என் வேலை தப்பித்தது. அவர் கால் இருக்கிற நிலைமையில் எனக்கு இது போதும் அக்கா.

எந்தப் பக்கம் என்று கேட்டிருந்தாய். இங்கேதான், தெற்கே, கடலோரமாக. அதை விடு. உனக்கு அங்கே காரம் ஒத்துக்கொள்கிறதா?

மொழி


யானம்
22.5.2025

அன்புள்ள மொழி,

நலம். இங்கே கோங்குரா என்கிற புளிச்சக்கீரைத் துவையலின் காரம் உச்சந்தலைக்கு ஏறுகிறது, ஆனாலும் விட மனசில்லை.

உன் வேலை நிலைத்ததில் எனக்குச் சந்தோஷம். மனசாரச் சொல்கிறேன். நவநீதன் எழுந்து நடமாடும்வரை அந்த வீடு உன் தலையில்தான் நிற்கிறது என்று எனக்குத் தெரியும்.

பள்ளி திறந்ததும் சேர்த்த பிள்ளைகளை நன்றாகப் பார்த்துக்கொள். அவர்களில் ஒரு சின்னப் பெண் இடது கையில் பென்சில் பிடிப்பாள். அடித்துத் திருப்பிவிடாதீர்கள். இரட்டைச் சுழி போட்ட பையன் ஒருவன், பசித்தால் சொல்ல மாட்டான், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். காலையில் கூப்பிட்டு ஒரு வாய் ஏதாவது கொடு.

வேறு விசேஷமில்லை.

மங்கை


கோவில்பத்து
16.6.2025

அக்கா,

நலமா என்று கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை.

பள்ளி திறந்த முதல் நாள் கேட்டில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு பெண் மகளைக் கொண்டுவந்து விட்டாள். அந்தப் பிள்ளை இடது கையால் எனக்கு டாட்டா காட்டியது. எனக்கு அங்கேயே குப்பென்று வேர்த்துவிட்டது. அந்தத் தாய் சிரித்துக்கொண்டே, "எங்களுக்கு என்னங்க தெரியும்? டீச்சரே தங்கச்சிய அனுப்பி வச்சுட்டாங்கன்னா அதுக்கு மேல யோசிக்க என்ன இருக்கு? அவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

புன்னைமேடு அக்கா. நான் போனது புன்னைமேட்டுக்குத்தான். உன்னிடம் சொல்லக் கூசியது, அதனால்தான் தெற்கே, கடலோரம் என்று மழுப்பினேன். "உங்க அக்கா வேல பாத்த ஊருதானம்மா, உங்களுக்கு முகம் தெரிஞ்சவங்க இருப்பாங்க" என்று தாளாளர் குழைவாகச் சொன்னதன் சூது அன்றைக்கு என் மரமண்டைக்கு ஏறவில்லை. என் பேச்சுச் சாமர்த்தியத்தில்தான் பிள்ளைகள் வந்தார்கள் என்று பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன். உன் மூஞ்சியைப் பார்த்து மோர் கொடுத்திருக்கிறார்கள். நீதான் உன் பள்ளியை விட்டுப் போகச் சொல்கிறாய் என்று நம்பி, மறு பேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

நுஸ்ரத் டீச்சர் வகுப்பில் இப்போது பெஞ்சுதான் இருக்கிறது. அடுத்த மாசம் அதிகாரிகள் தலை எண்ண வருகிறார்களாம்.

உனக்கு முன்பே தெரியும்தானே? இடது கை, இரட்டைச் சுழி என்று எழுதினாயே. ஏன் என்னைத் திட்டவில்லை? "ஏன்டி இப்படிப் பண்ணினே" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!

மொழி


யானம்
27.6.2025

அன்புள்ள மொழிக்கு,

அழாதே. முதலில் சாப்பிடு. நீ சாப்பிடாமல் கிடக்கிறாய் என்று உன் அத்தான் சொன்னார்.

தெரியும். மே மாதத்திலேயே தாய்மார்கள் போன் செய்தார்கள். "டீச்சர், தங்கச்சி வந்துருக்காங்க, சேக்கலாமா?" என்று கேட்டார்கள். நான் அனுப்பவில்லை என்று சொன்னால் உன் வேலை போகும். அனுப்பினேன் என்று சொன்னால் அது பொய். "என் தங்கச்சி நல்லா சொல்லிக் குடுப்பா" என்று மட்டும் சொன்னேன். அது சத்தியம். அதைச் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டேன்.

வாயைத் திறந்ததற்காக இந்த ஊருக்கு வந்தவள் நான். மேலிடத்துக்குப் பயப்படாதவள், உன் வீட்டு அடுப்பை நினைத்து வாயை மூடிக்கொண்டேன். சரியா தப்பா என்று இன்னும் எனக்கே தெரியவில்லை. அந்தப் பிள்ளைகளை நினைத்தால் தப்பு. உன்னை நினைத்தால் சரி.

நீ ஒன்றும் செய்ய வேண்டாம். உன் சான்றிதழ்கள் அவர்கள் கையில் இருக்கின்றன. நவநீதன் வேலைக்குப் போகட்டும், அப்புறம் யோசிக்கலாம். பள்ளி போனால் போகட்டும் என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் வராது. ஆனால் அதைக் காப்பாற்ற உன்னைக் காவு கொடுக்க மாட்டேன்.

மங்கை


கோவில்பத்து
24.7.2025

என் அக்காவுக்கு,

எல்லோரும் நலம். நான் ரொம்ப நலம். வேலை போய்விட்டது!

பதறாதே. முழுசாகப் படி. உன் கடிதத்தை அவரிடம் படித்துக் காட்டினேன். "என் காலைச் சாக்கா வச்சு ஒரு பள்ளிக்கூடம் மூட வேணாம் மொழி. மெக்கானிக் கடையில உக்காந்து பாக்குற வேல இருக்குன்னு கூப்புடுறாங்க, போறேன்" என்றார். அப்புறம் என்ன யோசனை?

ஞாயிற்றுக்கிழமை புன்னைமேட்டில் ஊர்க்கூட்டம். மாரியம்மன் கோயில் வாசலில் ஆம்பளைகள் மட்டும் உட்காருவார்கள், உனக்குத் தெரியும். நான் போய் நடுவில் நின்றேன். "எங்க அக்கா என்னை அனுப்பலீங்க. என் வேலைக்காக நான்தான் வந்தேன். நீங்க தப்பா நெனச்சுட்டீங்க, அது அப்ப எனக்குத் தெரியாது. உங்க பள்ளிக்கூடம் மூடிடக் கூடாதுன்னு சொன்னதுக்குத்தான் அவங்கள யானத்துக்குத் தூக்கிப் போட்டிருக்காங்க. ஒரு வரி மன்னிப்பு எழுதுனா நாளைக்கே வந்துடலாம். எழுத மாட்டேங்குறாங்க" என்றேன்.

பஞ்சாயத்தார் ஒருவர், "பொம்பளைங்க பேசுற எடமில்லம்மா இது" என்று ஆரம்பித்தார். கோயிலுக்குப் பின்னாலிருந்து அந்த இடது கைப் பெண்ணின் தாய் வந்தாள், மீன் விற்ற கூடை இடுப்போடு. "புள்ளைய பெத்தது நாங்க, பள்ளிக்கூடம் அனுப்புறது நாங்க, பேச மட்டும் நீங்களா?" என்று கேட்டாளே ஒரு கேள்வி! அவள் பின்னாலேயே நான்கைந்து பேர். எவ்வளவு சத்தம் என்கிறாய்! கடைசியில் ஊர் முடிவாகவே சொல்லிவிட்டார்கள்: ஊர்ப் பிள்ளைகள் ஊர்ப் பள்ளியில்தான்.

திங்கட்கிழமை எங்கள் தாளாளர் மாற்றுச் சான்றிதழ் தர மாட்டேன் என்று முறுக்கிக்கொண்டார். நுஸ்ரத் டீச்சர் அசரவில்லை. "டி.சி. இல்லைன்னு எந்தப் புள்ளையையும் அரசுப் பள்ளி திருப்பி அனுப்பக் கூடாது, சட்டத்துலயே இருக்கு" என்று சொல்லி அன்றைக்கே அத்தனை பேரையும் சேர்த்துக்கொண்டார்கள். எனக்கு அன்று சாயங்காலமே சீட்டுக் கிழிந்தது. சான்றிதழும் கிடையாது, போய் வா என்றார்கள்.

அப்புறம்தான் அக்கா, நான் பார்த்தது. மறுநாள் காலையில் காஜா மைதீன் சாரும் உன் சங்கத்து டீச்சர்களும் எங்கள் பள்ளி வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஆளாளுக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு! நான் அவர்கள் சங்கத்தில் இல்லை. அவர்களை வாய்க்கு வந்தபடி பேசியவள் நான். நல்ல மழை வேறு பிடித்துக்கொண்டது, ஒருத்தர் எழவில்லை. சார் சத்தமே போடவில்லை. "படிச்சு வாங்குனது அந்தப் புள்ள. அத நீங்க பூட்டி வக்கிறது திருட்டுங்க. கொடுத்துடுங்க, நாங்க போயிடுறோம்" என்றார், அவ்வளவுதான். மத்தியானத்துக்கு மேல் என் டிகிரியும் பி.எட்.டும் என் கைக்கு வந்தன. நான் அங்கேயே நடுரோட்டில் நின்று ஓவென்று அழுதேன். எல்லோரும் சேர்ந்து டீ குடிக்கப் போனோம். நானும்தான்.

உன்னைப் பற்றி எனக்கு எவ்வளவு பெருமை என்று சொல்லத் தெரியவில்லை. சொல்லிவிட்டேன், போ.

உன் மொழி


கோவில்பத்து
18.8.2025

அன்பு அக்கா,

நலமா? இங்கே நலம். அவர் கடைக்குப் போக ஆரம்பித்துவிட்டார். நான் வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறேன். காஜா மைதீன் சார் தனியார் பள்ளி டீச்சர்களுக்கு ஒரு கூட்டம் போடச் சொல்லியிருக்கிறார். பயந்து பயந்து கொஞ்சம் பேர் வருகிறேன் என்றிருக்கிறார்கள்.

தலை எண்ண வந்தார்கள். எல்லாப் பிள்ளையும் இருந்தது. பள்ளி மூடப்படாது என்று எழுத்தில் வந்துவிட்டது. ஊரில் பாயசம் வைத்தார்கள்.

இன்னொன்று. எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் இத்தனை நாள் இழுத்தடித்தேன். பிள்ளைகள் கூடிவிட்டதால் காலியிடத்தை நிரப்பியாக வேண்டுமாம். உன் இடத்துக்கு வேறு டீச்சர் வந்துவிட்டார்கள். உமாமகேஸ்வரி என்று பேர், புதுச்சேரிக்காரர். உன் நாற்காலியில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, பேசாமல் திரும்பி வந்துவிட்டேன். நீ வருவாய் என்றுதானே அக்கா இவ்வளவும் செய்தோம்?

மொழி


யானம்
30.8.2025

என் தங்கச்சிக்கு,

உடம்பு சௌக்கியம். மனசைக் கேட்டால், உன் கடிதத்தைப் படித்துவிட்டு நன்றாக அழுதேன். உன் அத்தானிடம் சொல்லாதே. அந்த வகுப்பறைக்கு இனி திரும்ப மாட்டேன் என்பது வலிக்கத்தான் செய்கிறது. வலிக்கவில்லை என்று உன்னிடம் ஏன் வேஷம் போட வேண்டும்? ஆனால் பிள்ளைகளுக்கு டீச்சர் வந்தாயிற்று மொழி. அது நானாக இல்லை, அவ்வளவுதான்.

அந்த உமாமகேஸ்வரியிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வராதே. அவளும் வீடு வாசலை விட்டு வந்தவள்தான். தங்க நல்ல வீடாகப் பார்த்துக் கொடு. ஒரு நாள் கூப்பிட்டு உன் கையால் மீன் குழம்பு வைத்துப் போடு.

கூட்டத்தில் தலையை நிமிர்த்தி நின்று நீ பேசியதை நுஸ்ரத் எனக்கு ஒரு வார்த்தை விடாமல் எழுதியிருக்கிறாள். நான் மேடையில் மைக் பிடித்துப் பேசியவள், பின்னால் சங்கம் நின்றது. நீ யாருமில்லாமல் நின்றாய். என்னால் அது முடிந்திருக்காது.

இங்கே ஒரு சேதி. இந்தப் பள்ளியிலும் பிள்ளைகள் குறைவாம், அடுத்த வருஷம் மூடப் போவதாகப் பேச்சு. தலைமையாசிரியை கையைப் பிசைகிறார். நாற்காலியில் உட்கார்ந்திருக்க எனக்கு முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரைத் தெருவில் வீடு வீடாகப் போகப் போகிறேன். என் தெலுங்கு உனக்குத் தெரியாததா, உட்காருங்கள், சாப்பிடுங்கள், அதற்கு மேல் நாக்கு புரளாது. மைக்கில் பேசி இருக்கிறேனே தவிர, முன்பின் தெரியாத ஒருத்தி வீட்டுக் கதவைத் தட்டி எனக்குப் பழக்கமே இல்லை.

நீ வெயிலில் எத்தனை தெரு அலைந்திருப்பாய்! முதல் வீட்டில் கதவு திறந்ததும் என்ன சொல்லி ஆரம்பிக்க வேண்டும்? முடியாது என்றால் எப்படிப் பேசி நிற்க வேண்டும்? இதில் நீதான் எனக்கு அக்கா. சொல்லிக் கொடு.

மங்கை